வந்துபோகும் சிறுநீரக மருத்துவர்கள்: காரைக்குடியிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன ஊர்களில் சிறப்பு மருத்துவர்கள் தங்குவதில்லை, வந்தாலும் நாலு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்ற புகாரை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறேன். படிக்கிறவர்கள் அந்த டாக்டருக்குப் பணத்தாசை என்றோ, ஊரில் வசதி போதவில்லை என்றோ தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நான் அப்படி வந்துபோகிற டாக்டர்களில் ஒருத்தி. சிறுநீரக மருத்துவம் படித்தவள், வீடு காரைக்குடியில். சில வருடங்களாக எந்த மருத்துவமனையிலும் நிரந்தர வேலையில் இல்லை. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு சிறுநீரக மருத்துவர் பிரசவ விடுப்பிலோ வெளிநாட்டுப் பயணத்திலோ இருந்தால் அவர் இடத்தில் போய் நிற்பேன். மற்ற நாட்களில் நம் பக்கத்துச் சின்ன டயாலிசிஸ் மையங்களுக்குக் கிழமை வைத்துப் போய்வருவேன். இதை லோக்கம் வேலை என்போம். ஊரில் இதைப் பற்றிச் சரியாகத் தெரியாமலேயே நிறையப் பேர் பேசுவதால், உள்ளே இருந்து பார்த்ததை எழுதலாம் என்று தோன்றியது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். டாக்டர் தற்காலிகமாக வருவதால் மட்டும் நோயாளி கெட்டுப்போவதில்லை. ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது கையிலிருந்து கைக்கு எதுவும் மாறாமல் விட்டுப்போவதால்தான் கெடுகிறார். அதை ஒழுங்குபடுத்திவிட்டால், குடும்பத்தைக் காரணமாக வைத்து இந்தப் படிப்பையே மூட்டை கட்டிவைத்த எத்தனையோ பெண்கள் திரும்ப வேலைக்கு வருவார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாதிரி மாவட்டங்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் பக்கத்திலேயே ஒரு சிறுநீரக மருத்துவர் இருப்பார்.

முதலில் படிப்பைப் பற்றி. எம்.பி.பி.எஸ். பயிற்சி வருடத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அப்புறம் பொது மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு. அதற்கு மேல் நீட் எஸ்.எஸ். என்கிற உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதி, சிறுநீரக மருத்துவத்தில் டி.எம். இன்னொரு 3 ஆண்டு. நடுவில் ஒரு தேர்வில்கூடச் சறுக்காமல் ஓடினாலும் பதினொன்றரை ஆண்டு ஆகிறது. பதினெட்டு வயதில் சேர்ந்த பெண் வெளியே வரும்போது முப்பதைத் தொட்டுவிடுவாள். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமனார் மாமியாருக்கு வயதாவது எல்லாம் சரியாக அந்தக் காலத்தில்தான் வந்து நிற்கும். எம்.பி.பி.எஸ். வகுப்பில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். சிறுநீரக மருத்துவத்துக்கு வரும்போது குறைந்துபோகிறார்கள். ஏன் என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை, டி.எம். படிக்கிற ஒரு பெண்ணின் ஒரு வாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்.

இந்தத் துறையில் இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. நம் பக்கம் வயலிலும் கண்மாய்க் கரையிலும் கண்ணாடி விரியன் கடித்தால் விஷம் ரத்தத்தோடு நிற்காது, சிறுநீரகத்தையும் அடிக்கும். கடிபட்டவருக்குச் சிறுநீர் குறைந்துகொண்டே வரும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது இதயத்துடிப்பைத் தாறுமாறாக்குவதற்குள் டயாலிசிஸ் போட்டாக வேண்டும். எலிக்காய்ச்சலிலும் இப்படி ஆகும். ராத்திரி ஒரு மணிக்கு போன் வந்தால் காலையில் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. ஆனால் சரியான நேரத்தில் இயந்திரத்தில் போட்டுவிட்டால் இப்படி வருகிறவர்களில் பலருக்குச் சில வாரத்தில் சிறுநீரகம் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். சிறுநீர் வராமல் ஸ்ட்ரெச்சரில் வந்தவர் நடந்து வீட்டுக்குப் போவார். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன், இன்னும் இருக்கிறேன்.

மதுரையில் நிரந்தர வேலையில் இருந்தபோது மகள் கைக்குழந்தை. என் கணவர் ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற வண்ணக் கல், செய்யும் பட்டறை நடத்துகிறார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதில் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற வேலை. அந்த ஊர் மணல் இல்லாமல் அந்தக் கல் அந்த மாதிரி வராது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பட்டறையைப் பெயர்த்து மதுரைக்குக் கொண்டுபோக வழியில்லை, அதில் வேலை செய்கிற குடும்பங்களும் இருக்கின்றன. என் படிப்பை மட்டும் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். அதனால் நான் நகர்ந்தேன். இதில் யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காரைக்குடிக்கு வந்த முதல் வருடம் தெருவில் கேட்காதவர்கள் பாக்கி இல்லை. "என்ன டாக்டரம்மா, நிரந்தரமா எங்கயும் எடுத்துக்கலையா?" "இவ்வளவு படிச்சிட்டு வீட்டுலதான் இருக்கீங்களா?" ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர், மகளை மருத்துவம் படிக்கவைக்க யோசிக்கிறவர், என் முன்னாலேயே இன்னொருவரிடம், "பார்த்தீங்கள்ல, கடைசியில இப்படித்தான் ஆகும்" என்றார். அந்தப் பெண் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, லோக்கம் வேலை நடப்பது எப்படி என்று சொல்கிறேன். பெரும்பாலும் ஒரு போன் அழைப்புதான். "டாக்டர், எங்க சார் ஊருக்குப் போறாங்க, கொஞ்ச நாள் கவர் பண்ணுங்க, ராத்திரியில பெரிசா ஒண்ணும் வராது." நாள் கூலி எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். ராத்திரி அழைப்புக்குத் தனிக் கட்டணமா, தங்கும் இடம் யார் பொறுப்பு, ஐ.சி.யு. நோயாளிகளும் சேர்த்தியா, எதுவும் எழுத்தில் இருக்காது. ராத்திரியில் எல்லாமே வரும். பணத்தைத் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கிட்டு 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். வருங்கால வைப்பு நிதி கிடையாது, விடுப்பு கிடையாது, உடம்புக்கு முடியாமல் படுத்தால் வருமானமும் கிடையாது. ஒரு மருத்துவமனை வேலை முடிந்தபின் பணம் தர இழுத்தடித்துக் கடைசியில் பாதிதான் கொடுத்தது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஐந்தாறு இடங்களிலிருந்து வந்த வரிப் பிடித்தச் சான்றிதழ்கள்தான். அதைப் புரியவைத்துக் கடன் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இது என் பாடு. நோயாளியின் பாடு இதைவிட முக்கியம், அதற்கு வருகிறேன்.

மயக்க மருந்து டாக்டர் ஒருநாள் மாறினால் நோயாளிக்குப் பெரிதாகத் தெரியாது; அறுவை முடிந்ததும் அவர் வேலை முடிந்துவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர் நிலைமை வேறு. வாரத்துக்கு மூன்று தடவை, பணமோ வண்டியோ இல்லாவிட்டால் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க, அதே கட்டிலில் வந்து படுக்கிறார். நிமிடத்துக்கு 500 மில்லி என்று ஒரு தடவைக்கு 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் அவர் ரத்தத்தை ஒட்டி ஓடிப்போகிறது. அவர் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள், 1966-ல் அமெரிக்காவில் பிரெசியா, சிமினோ என்ற மருத்துவர்களும் கூட்டாளிகளும் எழுதிய முறை, இன்றைக்கும் அதைவிட நல்லது வரவில்லை. அது பழுத்து ஊசி ஏற்றத் தயாராக ஆறு எட்டு வாரம் ஆகும், அடைத்துக்கொண்டால் மறுபடி கழுத்தில் டியூப்தான். அதனால் அந்தக் கையில் பிபி பார்க்கக்கூடாது, வேறு எதற்கும் ரத்தம் எடுக்கக்கூடாது. இப்படி வருடக்கணக்கில் ஒரே ஆளை அறிந்து வைத்திருக்க வேண்டிய துறை இது. இதில் டாக்டர் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். ஒரு மையத்துக்கு நான் புதிதாகப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் டயாலிசிஸ் செய்துகொண்டார், படுத்தால் மூச்சு முட்டியது. பிபிக்கு நாலு வகை மாத்திரை. அவருடைய சீட்டில் டிரை வெயிட் 58 என்று இருந்தது. டிரை வெயிட் என்றால், உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை. அந்த எண் வரும்வரை இயந்திரம் நீரை இழுக்கும். அந்த 58 எப்போது எழுதியது என்று பார்த்தால் பல மாதத்துக்கு முன்னால். அதற்கப்புறம் டாக்டர்கள் மாறியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் அந்த எண்ணைப் பார்த்து, டயாலிசிஸ் முடிந்ததும் எடை 58 என்று வந்ததைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர் பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மனைவி இறந்தபின் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கூட வந்த மகன் சொன்னார். சதை குறைந்துபோய்விட்டது, அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டு எடை மட்டும் மாறாமல் நின்றிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி 54-க்குக் கொண்டுவந்தோம். பிபி மாத்திரை இரண்டாகக் குறைந்தது, ராத்திரியில் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். எந்தப் புது மருந்தும் கொடுக்கவில்லை.

இதில் எந்த டாக்டர் மேலும் தப்பு சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்தப் பெரியவர் நேற்று எப்படி இருந்தார் என்று தெரிய வழியே இல்லை. அந்த மையத்தின் டெக்னீஷியன் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, "முன்ன மாதிரி இல்ல மேடம், இளைச்சிட்டாரு" என்று என்னிடம் உடனே சொன்னாள். அவளை யாரும் கேட்கவில்லை. டயாலிசிஸ் மையங்களில் வேலை பார்க்கிற டெக்னீஷியன்கள்தான் நிரந்தரமாக இருக்கிறவர்கள், நோயாளியின் நரம்பு எந்த இடத்தில் வழுக்கும் என்பது வரை தெரிந்தவர்கள், அவர்களுக்குக் கொடுக்கிற சம்பளமோ சொல்லவே கூசுகிறது. அதற்கு இன்னொரு கடிதம்தான் எழுத வேண்டும்.

நம் செட்டிநாட்டுக்கு இது புதிய விஷயமா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன ஏஜெண்டுகள் மூன்று வருடக் கணக்குக்குத்தான் போனார்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை காலம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது அடுத்து வருகிறவரிடம் பேரேட்டையும் ஐந்தொகையையும் காட்டி, யாரிடம் எவ்வளவு நிற்கிறது, யார் நாணயமானவர் என்று ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். ஆள் மாறினாலும் கடை நடந்தது. வட்டிக்கடைக்கு இருந்த அந்த ஒழுங்கு டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கிற மனுஷனுக்கு வேண்டாமா?

அதனால் நான் போகிற இடத்திலெல்லாம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை. டிரை வெயிட் எவ்வளவு, எந்தத் தேதியில் ஏன் மாற்றினோம். ஃபிஸ்டுலா எந்தக் கையில், எப்போது போட்டது, இதற்கு முன் எது அடைத்துப்போனது. மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி சோதனை எப்போது எடுத்தது, முடிவு என்ன, ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் எந்த இயந்திரத்தில் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஹெப்பாரின் அளவு. கடைசி ஹீமோகுளோபின், பொட்டாசியம். ரத்தம் ஊறுவதற்கான ஊசி வாரம் எத்தனை. டயாலிசிஸ் நடுவில் பிபி இறங்குகிறவரா. அப்புறம், மருத்துவக் கோப்பில் யாரும் எழுதாத இரண்டு மூன்று விஷயம்: கூட வருவது யார், பஸ்ஸிலா காரிலா, வீட்டில் சமைப்பது யார், மாற்றுச் சிறுநீரகம் பற்றிக் குடும்பத்தில் பேசியாயிற்றா, யார் கொடுக்க முன்வந்தார்கள். (நம் நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுக்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம். அம்மாவோ மனைவியோ "நான் தர்றேன்" என்று சொல்லும்போது தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும், உண்மையாகவே மனதார வருகிறாரா, வீட்டார் நெருக்குகிறார்களா என்று. அந்தப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு டாக்டர் மாறிப்போனால் அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், அந்த அம்மாவின் கதி என்ன என்று யோசியுங்கள்.) இந்தப் பக்கத்தை ஒரு பிரதி மையத்திலும் ஒரு பிரதி நோயாளி கையிலும் கொடுப்பேன். நோயாளி கையில் இருப்பதுதான் கடைசியில் உதவுகிறது, ராத்திரியில் வேறு ஊர் மருத்துவமனைக்கு ஓடும்போது.

குடும்பத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தற்காலிக வேலை என்றால் நினைத்தபோது வேலை, நினைத்தபோது வீடு என்று நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் இரண்டும் கெடும். மற்றவர்கள் விடுப்பு எடுக்கும் நேரத்தில்தான் எங்களைக் கூப்பிடுவார்கள், அதாவது தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை. பிள்ளைக்கு லீவு விடும்போது அம்மாவுக்கு வேலை. போதாததற்குச் சிறுநீரக நோயாளிகளுக்கும் திருவிழாக் காலம்தான் ஆபத்து. கொப்புடையம்மன் திருவிழாவோ சொந்தக்காரர் கல்யாணமோ வந்தால் ஒரு டயாலிசிஸைத் தள்ளிப்போடுவார்கள், இரண்டு நாள் விருந்து, அப்பளம், ஊறுகாய், வெயிலுக்கு இதமாக ஒரு இளநீர். உப்பு தாகத்தைக் கிளப்பும், தாகம் தண்ணீரைக் குடிக்கவைக்கும், இளநீரில் பொட்டாசியம் கொட்டிக்கிடக்கிறது. மூன்று நான்கு கிலோ ஏறி மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். சாதாரண வாரத்தில்கூட ஞாயிறு இடைவெளி தாண்டி வருகிற திங்கள், செவ்வாய்தான் எங்களுக்குக் கடினமான நாட்கள். ஆகவே பண்டிகைக்கு முந்திய வாரம் மையத்தில் எல்லாக் கட்டிலுக்கும் போய், என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். சாப்பிடாதே என்று சொல்வதில் பிரயோசனமில்லை. காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு இறங்கும், ஒரு கவளம் கோழி வறுவல் சாப்பிடலாம், ஊறுகாயை விட்டுவிடுங்கள், செவ்வாய்க்கிழமை டயாலிசிஸைத் திங்களுக்கு மாற்றிப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒழுங்கைக் கொண்டுவந்தது என் மாமியார். "போயிட்டு வாம்மா, பிள்ளைய நான் பார்த்துக்கிறேன். ஆனா போற தேதியும் வர்ற தேதியும் காலண்டர்ல எழுதி வச்சிட்டுப் போ. வர்றேன்னு சொன்ன அன்னைக்கு வந்துரு. பிள்ள வாசல்லயே நிக்கிது" என்றார். அன்றிலிருந்து சமையலறைக் காலண்டரில் எழுதாத எந்த வேலையையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தபின் அவளே அப்பத்தாவுக்கு வாசித்துச் சொல்வாள். திரும்பி வரும் தேதிக்கு மேல் ஒரு நாள் இருக்கச் சொல்லி மருத்துவமனை கேட்டால், முதலில் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பதில். மகளின் தேர்வு வாரம் எந்த வேலையும் இல்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் சரி, திருச்சிக்கும் சரி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். அதற்குள் என்றால் கணவர் பட்டறையைப் பார்த்துக்கொண்டே சமாளித்துவிடுவார், அதைத் தாண்டி வெளியூர் என்றால் மகளும் மாமியாரும் என்னோடு வருவார்கள், தங்க இடம் கொடுத்தால்தான் வேலை. அத்தையின் அந்த ஒரு நிபந்தனையை அப்படியே மருத்துவமனைகளிடமும் வைக்க ஆரம்பித்தேன்: தேதி, நேரம், ராத்திரி அழைப்பு, கட்டணம், எல்லாம் எழுத்தில். சிலர் முகம் சுளித்தார்கள், அடுத்த தடவை கூப்பிடவில்லை. ஒத்துக்கொண்டவர்களோடு எனக்கு இன்றுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

இன்னொரு கவலையும் உண்டு, இதை இளைய டாக்டர்களுக்காகச் சொல்கிறேன். லோக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் கை மறந்துபோகும். டயாலிசிஸ் மட்டுமே பார்த்தால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரின் மருந்தளவை எப்படிச் சரிபார்ப்பது, பயாப்ஸி என்கிற சிறுநீரகத் திசுச் சோதனையின் முடிவை எப்படி வாசிப்பது என்பதெல்லாம் நழுவிவிடும். வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் உயிருள்ளவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்ட நாளிலிருந்து இந்தத் துறையில் தமிழ்நாடு முன்னால் நின்றிருக்கிறது, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தையும் 2008-லிருந்து ஒழுங்காக நடத்திவருகிறோம். அதைப் படித்து வளர்ந்துவிட்டுப் பாதித் துறையை மட்டும் பார்ப்பது சரியில்லை. அதனால் வருடத்தில் ஒரு தடவையாவது மாற்றுச் சிகிச்சை நடக்கும் இடத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொள்கிறேன், கட்டணம் குறைவானாலும். மருத்துவ கவுன்சில் கேட்கிற ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரப் பயிற்சி வகுப்பு மட்டும் இதற்குப் போதாது.

இப்போது அரசிடம் கேட்பது. மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் வந்தது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம், தாலுகா அளவு மருத்துவமனைகள்வரை இயந்திரம் வந்துவிட்டது. சிவகங்கையில் 2012-லும் புதுக்கோட்டையில் 2017-லும் மருத்துவக் கல்லூரி வந்தன. வீடு தேடி வந்து சிகிச்சை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் வயிற்று வழி டயாலிசிஸ் பைகூட வீட்டுக்கே போகிறது. இவ்வளவும் நல்ல காரியம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இயந்திரம் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் முழுநேரச் சிறுநீரக மருத்துவர் ஒருவரை உட்காரவைக்க நம்மிடம் ஆள் இல்லை, சீக்கிரத்தில் கிடைக்கவும் மாட்டார்கள். வாரம் இரண்டு அரை நாள், அதே கிழமை, அதே டாக்டர், குறைந்தது ஒரு வருட ஒப்பந்தம் என்று பகுதிநேரப் பணியிடம் போட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறார்கள். என்னோடு படித்தவர்களிலேயே டி.எம். பட்டத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்கள் உண்டு, கணவர் வேலை பார்க்கும் ஊரில் பொது மருத்துவராகக் காய்ச்சலும் சளியும் பார்க்கிறவர்கள் உண்டு. முழுநேரமா, ஒன்றுமே இல்லையா என்று கேட்டால் அவர்கள் ஒன்றுமே இல்லை என்பார்கள். இரண்டு அரை நாள் என்றால் நாளைக்கே வருவார்கள்.

ஒப்பந்தத்தில் ஒப்படைப்பு நாளையும் சேருங்கள். போகிறவரும் வருகிறவரும் ஒரே ஷிஃப்டில் சேர்ந்து நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பேசிக்கொள்ள வேண்டும், அந்த நாளுக்கு இருவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு நாள் கூலி. அந்தப் பெரியவர் மூச்சு முட்டி ஐ.சி.யு.வில் படுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்புறம் மகப்பேறு விடுப்பு. அரசு ஊழியருக்கு 2021-லிருந்து 12 மாதம், தனியாரில் 2017 திருத்தத்துக்குப்பின் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். மிக நல்ல சட்டம். அந்த விடுப்பில் போகிறவரின் இடத்தை நிரப்புகிறவரும் பெரும்பாலும் ஒரு பெண்தான், அவளுக்கு மட்டும் எதுவும் இல்லை. ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறவளுக்கு ஒரு பங்கு விடுப்பாவது இருக்கட்டும்.

தனியார் மையம் நடத்துகிறவர்களுக்கு: எழுதிக் கொடுங்கள், ஒப்படைக்க நாள் கொடுங்கள், டெக்னீஷியன் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. புது டாக்டர் வந்தால், "என் டிரை வெயிட் எவ்வளவு, கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சதை குறைந்திருந்தாலும் கூடியிருந்தாலும் நீங்களே சொல்லுங்கள், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்று சொன்னால்கூட எங்களுக்குப் போதும். அந்த உறவுக்காரர் இதைப் படித்தால், மகளைத் தாராளமாக மருத்துவம் படிக்கவையுங்கள், அவள் சிறுநீரக மருத்துவம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டால் நான் சொல்லித்தருகிறேன்.

மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாள். அன்றைக்கு ஊருக்கு ஊர் முகாம் போட்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் சர்க்கரையும் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதுதான், சர்க்கரையும் பிபியும்தான் பாதிச் சிறுநீரகங்களைத் தின்கின்றன, கூடவே முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும். அந்த வாரத்திலேயே, ஏற்கெனவே டயாலிசிஸில் இருக்கிற நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதி முடித்துவிடலாம் என்பது என் வேண்டுகோள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மையம் நடத்துகிறவர்கள் யாராவது அதன் படிவம் வேண்டும் என்று கேட்டால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், நான் அனுப்பிவைக்கிறேன். நேரில் வந்து முதல் நாள் டெக்னீஷியன்களோடு உட்கார்ந்து எழுதித் தரவும் தயார், காலண்டரில் இடம் பார்த்து.

இப்படிக்கு,
சிறுநீரக மருத்துவர் ஒருவர்,
காரைக்குடி.